விமானியின் சட்டைப்பையும் காந்தவூசியும்

ஒற்றை எந்திரம் பூட்டிய சிறு விமானங்களில் முன்கண்ணாடியின் நடுவே, ஏறத்தாழ ஒரு தோடம்பழ அளவில், திரவம் நிரம்பிய சிறு கூடொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே பாகைகள் குறிக்கப்பட்ட வட்டமொன்று மிதந்து ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் காந்தத் திசையறிகருவி. விமானத்திலுள்ள கருவிகளுள் மிகப் பழமையானதும் மிக எளிமையானதும் அதுவே. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, செய்மதி வேண்டியதில்லை, எந்திரம் நின்றுபோனாலும் அது நிற்காது. இதனாலேயே, கண்பார்வையை நம்பிப் பறக்கும் சிறு விமானங்களிலும் காந்தத் திசையறிகருவி இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகள் இன்றும் வற்புறுத்துகின்றன.

அக்கூட்டுக்குக் கீழே, கருவிப் பலகையின் மேற்புறம், ஒரு தட்டுப்போல நீண்டு கிடக்கும். விமானிகள் வெயிற்கண்ணாடி, வரைபடம், கைவிளக்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வைப்பது அங்கேதான். இப்போது கைத்தொலைபேசியையும் வைக்கிறார்கள். வைத்த கணத்தில் மேலே மிதக்கும் வட்டம் மெல்லத் திரும்புகிறது. ஐந்து பாகையாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். மிக அருகில் வைத்தால் இன்னும் கூடும். சிவப்பு விளக்கு எரிவதில்லை. எச்சரிக்கை மணி ஒலிப்பதில்லை. விமானி, தன் விமானம்தான் திசை தவறிவிட்டது என்று எண்ணி, சரியாகச் சென்றுகொண்டிருந்த விமானத்தைப் பிழையான திசைக்குத் திருப்புகிறார்.

நான் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்த காலத்தில், விமானத்தில் கைத்தொலைபேசி பாவிப்பது பற்றிய செய்திகள் வெளிநாட்டு நிறுவனங்களின் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். எல்லாம் வானொலி அலைகளைப் பற்றியவை. காந்தத்தைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் காந்தவூசிக்கு அயலில் உள்ள பொருளால் ஏற்படும் கேடு வானொலி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே பதிவாகிவிட்டது. அதைக் கண்டறிந்து எழுதிவைத்தவர், இலங்கை வரலாறு படித்தவர்களுக்குப் புதியவரல்லர்.

1545இல் கோவாவில் போர்த்துக்கேய ஆளுநராகப் பொறுப்பேற்று, கோட்டை, கண்டி அரசர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்திய தொம் ஜுவாவ் டி காஸ்ட்ரோவைத்தான் சொல்கிறேன். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1538இல், லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் வந்தபோது அவர் ஒரு மாலுமிக்கும் விஞ்ஞானிக்கும் உரிய பொறுமையோடு நாட்குறிப்பு எழுதினார். கணிதவியலாளர் பேதுரு நூனிஸ் வகுத்துக் கொடுத்த நிழற்கருவியால் சூரியனை அளந்து, காந்தவூசி உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை வழிநெடுகப் பதிந்துகொண்டே வந்தார். ஒருநாள் அளவைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சூரியனிலும் பிழையில்லை, கருவியிலும் பிழையில்லை. கடைசியில், அளவெடுத்த இடத்துக்கு அருகே இருந்த சிறு பீரங்கியின் இரும்பே ஊசியைத் தன்பால் இழுத்தது என்பதைக் கண்டுபிடித்தார். இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த பின்னர், சில பாறைகளும் ஊசியைத் திருப்புவதை அவர் குறித்துவைத்தார். அரசியலில் அவரைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். ஆயினும், ஊசி பொய் சொல்லும்போது ஊசியைக் கோபிக்காமல் அக்கம்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பதை எழுத்தில் வைத்த முன்னோடி அவரே.

அந்தக் குறிப்பு இரண்டரை நூற்றாண்டுகளாக எவருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை. மரக்கப்பல்களில் இரும்பு குறைவு. 1801 முதல் 1803 வரை அவுஸ்திரேலியக் கரையோரத்தை அளந்த மத்தேயு பிளிண்டேர்ஸ், தம் கப்பல் கிழக்கு நோக்கி நிற்கும்போது ஊசி காட்டும் திசையும் மேற்கு நோக்கி நிற்கும்போது காட்டும் திசையும் ஒத்துவராததைக் கவனித்தார். கப்பலிலுள்ள இரும்பே காரணம் என்று முடிவுசெய்தார். நாடு திரும்பும் வழியில் மொரீசியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர் அவரைப் பிடித்து 1803 டிசம்பர் முதல் 1810 வரை தடுத்துவைத்திருந்தனர். அவர் அங்கே சிறைப்பட்டிருக்கையிலேயே, 1805இல், அவருடைய கட்டுரை லண்டன் றோயல் சங்கத்தில் வெளியாயிற்று. கப்பற் திசையறிகருவியின் அருகே செங்குத்தாக நிறுத்தப்படும் இரும்புக்கோல் இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னர் இரும்புக்கப்பல்கள் வந்தன. இப்போது ஊசியின் பக்கத்தில் இரும்பு இருக்கவில்லை. இரும்புக்குள்ளேயே ஊசி இருந்தது. கப்பல் கட்டும் தளத்தில் அதன் முகம் எந்தத் திசையை நோக்கி இருந்ததோ, சம்மட்டி அடிகளினூடே அந்தத் திசைக்கேற்ற காந்தத்தன்மை அதன் உடலில் ஏறிவிடும். 1838இல் அரச வானியலாளர் ஜோர்ஜ் ஏரி, 'றெயின்போ' என்ற இரும்பு நீராவிக்கப்பலில் சோதனைகள் நடத்தி, ஊசியைச் சுற்றிச் சிறு காந்தங்களையும் மெல்லிரும்புத் துண்டுகளையும் வைத்துக் கப்பலின் இழுப்பைச் சமன்செய்யலாம் என்று காட்டினார். திமிங்கில வேட்டைக் கப்பற் தலைவராக இருந்து மதகுருவான வில்லியம் ஸ்கோர்ஸ்பி இதை ஏற்கவில்லை. கப்பலின் காந்தத்தன்மை நிலையானதன்று. அலை அடிக்க அடிக்க அது மாறும். மாறும் ஒன்றை மாறாத காந்தத்தால் சமன்செய்வது ஆபத்து. திசையறிகருவியை இரும்பிலிருந்து விலக்கிப் பாய்மரத்தின் மேலே ஏற்றுங்கள் என்பது அவர் வாதம்.

அந்த வாதம் நடந்துகொண்டிருந்தபோதே, 1854 ஜனவரி 21ஆம் திகதி, 'டெய்லர்' என்ற புத்தம்புதிய இரும்புக்கப்பல் டப்ளினுக்கு அருகேயுள்ள லம்பே தீவின் பாறைகளில் மோதியது. லிவர்பூலிலிருந்து மெல்பேர்னுக்குப் புறப்பட்ட முதற் பயணம். அறுநூறுக்கு மேற்பட்டோர் ஏறியிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் தெற்கே போகிறது என்று ஊசி சொல்லிற்று. கப்பலோ மேற்கே அயர்லாந்துக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிழைபோன காரணங்கள் வேறும் இருந்தன. ஆனால் திசையறிகருவிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டுக் காட்டியமைதான் விசாரணையில் முன்னுக்கு வந்தது. ஸ்கோர்ஸ்பி 1856இல், அறுபத்தாறாவது வயதில், 'றோயல் சாட்டர்' என்ற இரும்புக்கப்பலில் அவுஸ்திரேலியாவுக்கே பயணம்செய்து, தென்னரைக்கோளத்தில் கப்பலின் காந்தத்தன்மை மாறுவதை நேரில் அளந்து காட்டினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

ஏரி சொன்னது சமன்செய்தல். ஸ்கோர்ஸ்பி சொன்னது விலக்கிவைத்தல். கப்பல்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டன. 1876இல் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, உரிமம் பெற்ற திசையறிகருவிப் பீடம், இருபுறமும் இரண்டு இரும்புக்குண்டுகளோடு, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கப்பல்களில் நின்றது. ஜூல்ஸ் வேர்ண் 1878இல் எழுதிய 'பதினைந்து வயதுக் கப்பற் தலைவன்' என்னும் நாவலிலே, வில்லன் திசையறிகருவியின் அடியில் இரகசியமாக இரும்புத்துண்டொன்றைச் செருகிவிடுவான். தென்னமெரிக்காவுக்குப் போகவேண்டிய கப்பல் ஆபிரிக்காவில் போய்ச் சேரும். அக்காலத்து வாசகர்கள் அதை நம்புவதற்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிராது.

விமானம் வந்தது. 1909 ஜூலை 25ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவிடம் திசையறிகருவியே இல்லை. முதலாம் உலகப்போர் தொடங்கியபின், முகிலுக்குள் புகுந்த விமானிகள், ஊசி காரணமின்றிச் சுழல்கிறது என்று முறையிடத் தொடங்கினர். பிரித்தானியாவின் பார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் இதை ஆராய்ந்தவர் கீத் லூக்காஸ். கேம்பிரிஜில் நரம்புகளையும் தசைகளையும் ஆராய்ந்தவர். போருக்காகக் காந்தவூசிக்கு வந்தவர். புவியின் காந்தவிசை வடநாடுகளில் நிலத்துக்குள் சரிவாக இறங்குவதால், விமானம் சரிந்து திரும்பும்போது ஊசியும் இழுபட்டுப் பொய் காட்டுகிறது என்பது அந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. எந்திர அதிர்வு தாங்கும் திசையறிகருவியையும் அவர் வடிவமைத்தார். 1916 ஒக்டோபர் 5ஆம் திகதி, தாமே ஓட்டிச்சென்ற விமானம் வானில் வேறொரு விமானத்தோடு மோதியதில் அவர் உயிரிழந்தார்.

சார்ல்ஸ் லிண்ட்பேர்க் 1927 மே மாதம் தனியாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தபோது இரண்டு திசையறிகருவிகளைக் கொண்டுசென்றார். ஒன்று, காற்றில் சுழலும் சிறு மின்பிறப்பாக்கியால் இயங்குவது. அதன் உணர்பாகம் எந்திரத்துக்கும் விமானியறைக்கும் எட்ட, விமானத்தின் பின்னுடலில் இருந்தது. மற்றது வழக்கமான திரவத் திசையறிகருவி. அது தலைக்கு மேலே பொருத்தப்பட்டிருந்தது. நேரே பார்க்கமுடியாது. பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியொன்றைச் சுயிங்கத்தால் கருவிப் பலகையில் ஒட்டி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே அந்த முப்பத்துமூன்றரை மணித்தியாலமும் பறந்தார். பரிசுக்குப் புறப்பட்டவர், கழுத்தை வளைத்தாவது ஊசியைத் தூரத்தில் வைத்தார். ஸ்கோர்ஸ்பி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதே லிண்ட்பேர்க், அதே விமானத்தில், 1928 பெப்ரவரியில் ஹவானாவிலிருந்து சென்ற் லூயிசுக்கு இரவில் புறப்பட்டார். புளோரிடா நீரிணைக்கு மேலே இரண்டு திசையறிகருவிகளும் ஒரே வேளையில் கைவிட்டன. ஒன்றின் முள் அங்குமிங்கும் ஆடியது. மற்றதன் வட்டம் சுழன்றது. புகார் மூடியதால் நட்சத்திரங்களும் உதவவில்லை. விடிந்தபின் கீழே தெரிந்த தீவுகளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவை பஹாமாஸ். போகவேண்டிய வழியிலிருந்து ஏறத்தாழ முந்நூறு மைல் விலகியிருந்தார். உலகின் மிகப் புகழ்பெற்ற விமானி என்பதால் இந்தச் சம்பவம் பதிவாயிற்று. வெறும் தபால் ஓட்டிய விமானிகளுக்கு நேர்ந்தவற்றை எவர் பதிந்தார்?

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் ஊசியைப் பின்னுடலுக்கு அனுப்பிவிட்டு, அது காட்டும் திசையை மின்கம்பி வழியே முன்னுக்குக் கொண்டுவந்தன. இன்றைய புதிய வகைச் சிறு விமானங்களில் காந்த உணரிகள் சிறகு முனையில் அல்லது வாற்புறத்தில் இருப்பது இந்த வழியில் வந்ததே. விமானியறையில் எவர் எதை வைத்தாலும் அவற்றுக்கு எட்டாது. ஆனால் முன்கண்ணாடி நடுவிலுள்ள பழைய திரவக்கூடு போகவில்லை. மற்றவை எல்லாம் இருண்டுபோகும் நாளுக்காக அது அங்கேயே இருக்கிறது.

அதற்குப் பக்கத்தில் இப்போது என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

1950களின் பிற்பகுதியில் திரான்சிஸ்டர் வானொலி மக்கள் கைக்கு வந்தது. அதைப் பயணிகள் விமானத்துக்குள்ளும் கொண்டுவந்தனர். எப்.எம். வானொலிப் பெட்டி அலையை வாங்குவது மட்டுமன்று. உள்ளேயிருக்கும் அலைவாக்கியால் தானும் சிறிது அலையை வெளியே விடும். அந்த அலைநீளம், விமானங்கள் வழியறியப் பயன்படுத்தும் தரைநிலைய வானொலிக் கற்றைகளின் எல்லைக்குள்ளேயே விழுந்தது. 1961 மே மாதம் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் அத்தகைய வானொலிப் பெட்டிகளுக்குத் தடைவிதித்தது. கைத்தொலைபேசி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பிற்பாடு வந்த விதிகளின் மூலவித்து அதுதான். 2013 ஒக்டோபர் 31ஆம் திகதி அந்நிருவாகம், ஆராய்ச்சிகளின் பின்னர், பயணிகள் இலத்திரனியல் கருவிகளைப் 'பறப்பு நிலை'யில் வைத்து எந்நேரமும் பாவிக்கலாம் என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

வானொலி அலையைப் பொறுத்தவரை இது நியாயமான முடிவே. ஆனால் இந்த அரை நூற்றாண்டு விவாதம் மக்கள் மனதில் ஓர் எண்ணத்தைப் பதித்துவிட்டது: கருவியை நிறுத்தினால், அல்லது பறப்பு நிலையில் போட்டால், ஆபத்து நீங்கிவிடும் என்பது. காந்தவூசி விடயத்தில் இது முற்றிலும் பிழை. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியினுள் இருப்பது நிரந்தரக் காந்தம். விமானிகள் காதில் மாட்டும் ஹெட்செட்டிலும் அதுவே இருக்கிறது. மின்கலத்தைக் கழற்றி எறிந்தாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். பழைய கப்பலோட்டிகளுக்கு இது தெரியும். புகைப்படக்காரரின் ஒளிமானியிலும் காந்தம் உண்டு. அதையும் கையடக்க வானொலியையும் திசையறிகருவிக்குக் கிட்டக் கொண்டுவராதே என்று கடலோடிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

2010இல் ஐபேட் வந்தது. கனத்த வரைபடக் கட்டுகளைச் சுமந்த விமானிகளுக்கு அது பெரும் ஆறுதல். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் பெரிய விமானங்களின் விமானியறைக்குள்ளும் அதற்கு அனுமதி கிடைத்தது. சிறு விமானக்காரர் அதற்கு முன்பே ஏற்றிவிட்டனர். 2011இல் வெளியான இரண்டாம் ஐபேட்டின் மூடியைப் பிடித்து வைப்பவை காந்தங்கள். 2020இல் வந்த ஐபோன் 12இன் முதுகில் காந்த வளையமே பதிக்கப்பட்டது. அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகளிலும் காந்தம். ஆக, காந்தவூசியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் முன்னெப்போதும் இல்லாத அளவு காந்தங்கள் வந்து சேர்ந்துள்ளன. வேர்ணின் வில்லனுக்கு இங்கே வேலையில்லை.

காந்தத்தின் வலு தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறையும். பத்துச் சென்ரிமீற்றரில் இருந்த பொருளை இருபதுக்கு விலக்கினால் அதன் விளைவு எட்டிலொன்றாகிவிடும். முப்பதுக்கு விலக்கினால் இருபத்தேழிலொன்று. விமானத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவிக்கும், ஊசியை ஒரு பாகை மட்டும் திருப்பும் தூரம் எவ்வளவு என்று சோதித்து அளவிடும் ஏற்பாடு உண்டு. விமானி தன் பணத்தில் வாங்கி வரும் தொலைபேசிக்கு அந்தச் சோதனையை எவரும் செய்வதில்லை. இன்னொன்றும் உண்டு. கையடக்க இலத்திரனியல் கருவிகள் பற்றிய அமெரிக்க விதி, பயணிகள் சேவை விமானங்களுக்கும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் மற்ற விமானங்களுக்குமே பொருந்தும். தெளிந்த வானில் கண்பார்வையால் பறக்கும் சிறு விமானத்தை அது தொடுவதேயில்லை. திரவக்கூட்டை அதிகம் நம்புகிற விமானமோ அதுதான்.

ஒரு பாகை பிழைத்தால் அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகுவோம் என்பது விமானிகளின் பழைய வாய்ப்பாடு. நமது நாட்டிலே இதை வைத்துப் பார்ப்போம். இரத்மலானையிலிருந்து பலாலி ஏறத்தாழ நேர்வடக்கே 330 கிலோமீற்றர். பத்துப் பாகை தவறினால் முடிவில் ஐம்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் விலகியிருப்போம். மேற்கே தவறினால் கீழே பாக்கு நீரிணை. கிழக்கே தவறினால் வங்காள விரிகுடா. இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

ஆனால் இயற்கை நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. காந்த மத்தியரேகை இலங்கையின் வடபகுதிக்கும் தென்னிந்தியாவுக்கும் அருகால் செல்கிறது. 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெற்றை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள தும்பாவைத் தேர்ந்ததற்கும் இதுவே காரணம். இங்கே புவியின் காந்தவிசை கிடையாக, முழு வலுவோடு ஊசியைப் பிடித்திருக்கிறது: ஏறத்தாழ 40 மைக்குரோ தெஸ்லா. லண்டனில் அதன் பாதிதான். ரொறொன்ரோவில் அதனிலும் சற்றுக் குறைவு. ஆகவே யாழ்ப்பாணத்துக்கு மேலே ஐந்து பாகை திருப்பும் அதே தொலைபேசி, ரொறொன்ரோவுக்கு மேலே பத்துக்கு மேல் திருப்பும். கனடாவின் வட எல்லையில் கிடைவிசை 5 மைக்குரோ தெஸ்லாவிலும் குறைந்துவிடுவதால், அங்கே காந்தத்தையே நம்பாமல் உண்மை வடக்கைக் கொண்டு பறப்பதுதான் முறை. லூக்காஸ் காலத்தில் விமானிகளை வருத்திய திரும்பற்பிழையும் நம் வானில் இல்லாததுபோலத்தான். புலம்பெயர்ந்து போய் வடநாடுகளில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டப் பழகும் நம் இளையவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

தொலைபேசியால் சிறு விமானம் விழுந்ததுண்டா என்று கேட்பவர்களுக்கு 2003 ஜூன் 6ஆம் திகதியைச் சொல்லவேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் விமான நிலையத்தை இரவில், மூடுபனியில் நெருங்கிய 'பைப்பர் நவாஹோ' விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து பத்துப் பேரில் எண்மர் இறந்தனர். ஓடுபாதை தெரியாமலே அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்து என்பது விசாரணையின் முடிவு. விமானியின் சொந்தத் தொலைபேசி அந்த இறுதி நிமிடங்களில் இணைப்பில் இருந்தது. அது இறங்குவழி காட்டும் கருவியைக் குழப்பியிருக்கலாம் என்றும் அறிக்கை சொன்னது. அது வானொலி அலையின் கதை, காந்தத்தின் கதையன்று. ஆயினும் பயணிகளையே பார்த்துப் பழகிய நம் கண் பார்க்காத இடத்தை அது காட்டிற்று. குழப்பிய கருவி விமானியுடையது.

செய்மதி இருக்கையில் ஊசி எதற்கு என்ற கேள்விக்கும் காலம் பதில் சொல்லத் தொடங்கியுள்ளது. அண்மைய ஆண்டுகளில் போர்ப்பகுதிகளைச் சுற்றி ஜி.பி.எஸ். சமிக்ஞைகளை மறிப்பதும் போலியாக்குவதும் பெருகிவிட்டன. 2024 ஏப்ரல் இறுதியில் பின்னேயர் நிறுவனம் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான சேவையை இதற்காகவே ஒரு மாதம் நிறுத்தியது. பெரிய விமானத்துக்கு வேறு வழிகள் உண்டு. சிறு விமானத்தில் தொலைபேசித் திரையிலுள்ள வரைபடம் பொய்யாகும்போது விமானி நிமிர்ந்து பார்ப்பது திரவக்கூட்டைத்தான். அந்த வேளையில் அதே தொலைபேசி அதற்குக் கீழே கிடந்தால் இரண்டும் சேர்ந்தே பொய்க்கும்.

திசையறிகருவியின் கீழே ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கும். விமானத்தைத் தரையில் வட்டமாகத் திருப்பித் திருப்பி, முப்பது பாகைக்கு ஒருமுறை ஊசியின் பிழையைக் குறித்து எழுதியது. எந்திரம் இயங்கும் நிலையிலேயே அளக்கவேண்டும். வானொலிகள் இயங்கும்போது அளந்ததா, நிறுத்தியபோது அளந்ததா என்பதையும் அதில் எழுதவேண்டும் என்று அமெரிக்க விதி நெடுங்காலம் சொல்லிற்று. விமானத்தோடு பிறந்த இரும்புக்கும் மின்சாரத்துக்கும் அந்த அட்டையில் கணக்கு உண்டு. விமானியின் சட்டைப்பையில் இருப்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.